மின்விசிறிக்குப் போக மிச்சமிருந்த பாட்டு

சத்தம் என்பது பொதுச்சொத்து. அதை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட முடியாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பாகூருக்கும் வில்லியனூருக்கும் நடுவே, கரும்புக்கும் நெல்லுக்கும் இடையில் கிடக்கிற எங்கள் ஊரில் அந்த முறை வழுவாமல் காப்பாற்றப்பட்டு வருகிறது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒலிபெருக்கி கட்டலாம். மாதா கோயில் தேருக்குக் கட்டலாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி ஆகியவற்றுக்கு மனு ஒன்று கொடுத்துவிட்டுக் கட்டலாம். தலைவர்களின் பிறந்தநாளுக்கு மனுவும் வேண்டாம். பிறப்பதற்கு யாரும் அனுமதி வாங்குவதில்லை. ஆகவே பிறந்ததைக் கொண்டாடுவதற்கும் தேவையில்லை என்பது நிர்வாகத்தின் கருத்து.

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்த ஊரில், கிரில் பட்டறை அந்தோணிசாமி ஒரு நாள் செவிநலப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், ஒரு பாட்டுத் தொகுப்பை ஒரே ஒரு முறை மைதானத்தில் சத்தமாகப் போட்டுக் கேட்க அனுமதி வேண்டும் என்றார்.

செவிநலப் பிரிவு என்பது பொதுமக்களின் காதுகளைப் பாதுகாப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட பிரிவு. அதன் கண்காணிப்பாளர் நாகராஜன் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. எதற்கும் 'பார்ப்போம்' என்பார். அவர் பார்க்க ஆரம்பித்த பல விஷயங்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா பாட்டு?" என்று கேட்டார் நாகராஜன்.

அந்தோணிசாமி இடது காதை அவர் பக்கம் திருப்பினார். கூட வந்திருந்த மனைவி லில்லி அந்தக் காதருகே குனிந்து, "இன்னா பாட்டுன்னு கேக்குறாரு" என்று உரக்கச் சொன்னாள்.

"அம்மா, மெதுவா. இது அமைதிப் பகுதி," என்றார் நாகராஜன்.

"மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காதுங்க. அதுக்காகத்தான வந்திருக்கோம்."

பிறகு லில்லி விஷயத்தைச் சொன்னாள். அந்தோணிசாமிக்கும் கரியமாணிக்கத்து அரிகரனுக்கும் இருபது வயது இருக்கும்போது 'ஆலைச் சங்கு' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். குழு என்றால் இரண்டே பேர்தான். அந்தோணிசாமி சாவுக்கும் தேருக்கும் போகிற பேண்டு செட்டில் டிரம் அடித்துப் பழகியவர். அரிகரனுடைய பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; லீவில் வரும்போது ஒரு மின்சார கிடாரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் சேர்த்து, அரிகரன் வீட்டுக் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் 'மூணாவது ஷிப்டு' என்று ஒரு கேசட் பதிவு செய்தார்கள். ஹெவி மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயர். கிடாரைக் கோபப்படுத்தி வாசிப்பது, டிரம்மை அதைவிடக் கோபமாக அடிப்பது, இரண்டுக்கும் மேலே பாடுகிறவர் தொண்டையால் சண்டை போடுவது. பேஸ் கிடார் வாங்க வழியில்லாததால் அந்த வேலையை நீரிறைக்கும் மோட்டார் பார்த்துக்கொண்டது.

அரிகரன் பிரான்சுக்குப் போய்விட்டார். அந்தோணிசாமி கிரில் பட்டறை வைத்தார். இருபத்தைந்து வருடம் இரும்பின்மேல் சம்மட்டி இறங்கியதில் வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காது போய்க்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில்தான் அரிகரன், அந்தப் பழைய கேசட்டைப் பாரிசில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, அழுக்கெடுத்து, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே துலக்கி, ரீமாஸ்டர் என்று புதுப்பித்து அனுப்பியிருந்தார். கைபேசியில் போட்டால் அந்தோணிசாமிக்குப் பாட்டு கேட்கவில்லை. டிவியில் போட்டாலும் கேட்கவில்லை. பெரிய ஒலிப்பெட்டியில், பெரிய சத்தத்தில் போட்டால் மட்டும்தான் அந்த இடது காதுக்குப் போய்ச் சேரும்.

"டாக்டரு, அடுத்த வருஷத்துக்குள்ள இதுவும் போயிடும்னு சொல்லிட்டாரு சார். அதுக்குள்ள ஒருவாட்டி, முழுசா, கேட்டுடணும்னு ஆசப்படறாரு," என்றாள் லில்லி.

நாகராஜனுக்கு மனம் இளகிவிட்டது. "டாக்டர் சர்டிபிகேட்டு இருக்கா?"

இருந்தது. அவர் அதை வாங்கிப் பொறுமையாகப் படித்து, கோப்பில் சேர்த்துக்கொண்டார். "இத மனுவோட வெச்சிடறேன். கருணை அடிப்படையில சீக்கிரம் நகரும்."

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அனுமதி வழங்கக்கூடிய ஒலிகளில் அம்மன் இருந்தாள், மாதா இருந்தாள், காதுகுத்து இருந்தது, கருமாதி இருந்தது. ஹெவி மெட்டல் இல்லை.

"காதுகுத்துன்னு போட்டுடலாமா?" என்றாள் லில்லி.

"யாருக்குக் குத்தப்போறீங்க?"

லில்லி கணவனைப் பார்த்தாள்.

"வேணாம்மா. பொய் எழுதக் கூடாது. இது 'புதிய ஒலி'ங்கற வகையில வரும். ஊருக்குள்ள ஒரு புதிய ஒலி நுழையறதா இருந்தா மக்கள் கருத்துக் கேக்கணும். அதுவும் இது ரீமாஸ்டர்னு சொல்றீங்க. பழசு எப்பிடி இருந்தது, புதுசு எப்பிடி இருக்குன்னு ரெண்டையும் கேட்டுட்டுத்தான் மக்கள் சொல்லணும். பார்ப்போம்."

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது என்ற செய்தியை, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலை முதல் இருட்டும்வரை தெருத் தெருவாக அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றது. அதற்கு அனுமதி தேவையில்லை. அது அரசு அறிவிப்பு.

கூட்டம் கொம்யூன் பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். எல்லாரும் வந்திருந்தோம். கருத்துச் சொல்கிறவர்களுக்குப் பிரிஞ்சிப் பொட்டலம் உண்டு என்று ஆட்டோவில் சொல்லியிருந்தார்கள். மூலக்குளத்திலிருந்து பாக்யராஜும் அவனுடைய கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். பாக்யராஜ் இசையைக் கேட்பதையே ஒரு படிப்பாகப் படித்தவன். வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொள்வதுபோல ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டிருப்பான். ஒயர் வளைந்தால் சத்தம் வளையும் என்று நம்புகிறவன். தான் கேட்டதைப் பற்றிப் பேசி யூட்யூபில் போடுவான். அதை அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் பார்ப்பார்கள்.

லில்லியின் அண்ணன் இன்னாசிமுத்துதான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் சவுண்டு சர்வீஸ். ஒரு பெட்டியை மேடையில் வைத்து, ஆம்ப்ளிஃபயரை இணைத்துவிட்டு நின்றார்.

நாகராஜன் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். டிவி ரிமோட் மாதிரி இருந்தது. முனையில் ஒரு பஞ்சு உருண்டை. அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"இப்பவே அளவு தாண்டிடுச்சு."

"இன்னும் பாட்டே போடலயே சார்," என்றார் இன்னாசிமுத்து.

"ஃபேன் சத்தம். இது அமைதிப் பகுதி. இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. அத ஃபேனே எடுத்துக்குது."

"அப்ப ஃபேன நிறுத்திடலாம்."

"சித்திரை மாசத்துலயா? பொதுமக்களுக்குச் சிரமம் குடுத்துக் கருத்து வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்பப் பாட்டு?"

"அனுமதிச்ச அளவுல, ஃபேனுக்குப் போக மிச்சம் எவ்வளவோ அதுல பாட்டப் போடலாம்."

"மிச்சம் எவ்ளோ சார்?"

நாகராஜன் கருவியை இன்னொரு முறை பார்த்தார். "மிச்சம் இல்ல. அதுக்காகப் போடாதீங்கன்னு நான் சொல்லல. தாராளமாப் போடுங்க. சத்தத்த மட்டும் வெக்காதீங்க."

இன்னாசிமுத்து தன் தொழில் வாழ்க்கையில் 'ஏத்து' என்ற ஒரே கட்டளையைத்தான் அதுவரை கேட்டிருந்தார். அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். பெட்டிக்குப் போகும் குமிழை இடது கோடிவரை திருகிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

பாட்டு ஓடியது. ஆம்ப்ளிஃபயரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் துடித்தது. மேலே மூன்று மின்விசிறிகள் தங்களுக்குரிய சத்தத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தன. அந்தோணிசாமி முன்வரிசையில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்தார். அவருடைய விரல்கள் முழங்காலில், விளக்கு துடிக்கும்போதெல்லாம், ஒரு நொடிகூடத் தவறாமல் விழுந்தன. வானில் மின்னுவதைக் கண்டு இடி விழும் இடத்தைக் கணிக்கிறவர் மாதிரி இருந்தார்.

பழையது முடிந்தது. புதியது ஆரம்பித்தது. புதியதும் முடிந்தது.

"இப்ப உங்க கருத்தச் சொல்லலாம்," என்றார் நாகராஜன்.

யாரும் எழவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரிஞ்சி வாசனை பின்கதவு வழியாக வர ஆரம்பித்தது. அப்போது பாக்யராஜ் எழுந்தான்.

"ஒரு விஷயம் கவனிச்சீங்களான்னு தெரியல. பழசுல டிரம்ஸ் பின்னாடி எங்கியோ இருந்துச்சு. புதுசுல முன்னாடி வந்து உக்காந்துடுச்சு. நல்லதுதான். ஆனா பழசுல ஒரு கதகதப்பு இருந்துச்சு பாருங்க, அது போயிடுச்சு. ரெண்டாவது பாட்டுல ஒரு மௌனம் வருதே, அது மட்டும் ரெண்டுலயும் அப்பிடியே இருக்கு. அது கிளாஸ்."

கதகதப்பு போனது எங்களுக்கும் அப்போதுதான் புலப்பட்டது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாமிநாதன் எழுந்தார். "இசையைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. உச்சரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பழையதைவிடப் புதியதில் ழகரம் தெளிவு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டாவது திருந்த வேண்டும்."

கரும்பு விவசாயி நடேசன், "எனக்குப் பாட்டுல குத்தம் சொல்லத் தெரியாது. ஆனா இத மைதானத்துல போட்டா எங்க மாடு கறக்காது. அத எழுதிக்கங்க," என்றார்.

காய்கறி விற்கும் தனக்கொடி நெற்றியைப் பிடித்தபடி எழுந்தாள். "இன்னா சார் இது இந்தக் கத்து கத்துது. மண்டையே வெடிச்சுடும் போல கீது. எம் பேரன் பகல்ல கொஞ்சம் தூங்குவான். அதையும் கெடுத்துடாதீங்க."

"சத்தம் அதிகம்னு சொல்றீங்களா?"

"ரொம்ப."

நாகராஜன் எழுதிக்கொண்டார். பிறகு நாங்கள் வரிசையாகப் போனோம். ஒலியில் ஓர் ஆழம் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தவர்கள் எங்களில் பலர். கேட்டதற்குக் கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கும், யாருக்கும் மனம் நோகாது.

கடைசியில் அந்தோணிசாமி எழுந்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல சார்."

மண்டபத்தில் ஒரு சங்கடம் பரவியது. நாகராஜன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தோணிசாமி, யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தர் கேக்கலன்னு சொன்னாலும் கூட்டத்த மறுபடி நடத்தணும். விதி அப்படி."

லில்லி அதை அவர் காதில் சொன்னாள். "கேக்கல. யாருக்குமே கேக்கல," என்றார் அவர்.

"ஆமா சார், எனக்கும்தான் கேக்கல," என்றாள் லில்லி.

"நீங்க மனுதாரர் குடும்பம்மா. உங்க அண்ணனும் அப்படித்தான். குடும்பத்தார் கருத்து செல்லாது." நாகராஜன் கோப்பைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் தெளிந்தது. டாக்டர் சர்டிபிகேட்டை வெளியே எடுத்தார். "இவருக்குக் காது கேக்காதுன்னு அரசு ஆஸ்பத்திரி டாக்டரே எழுதியிருக்காரு. கேக்காதவருக்குக் கேக்காம போறது பாட்டோட குறையில்ல. அதனால இவர் கருத்து கணக்குல வராது."

இதில் யாராலும் குறை காண முடியவில்லை. பாக்யராஜின் கூட்டாளி ஒருவன், "பாவம்டா, எவ்ளோ மிஸ் பண்றாரு," என்று மெதுவாகச் சொன்னான். நாங்கள் பிரிஞ்சி வாங்கப் போனோம்.

ஆணை சீக்கிரமே வந்தது. கருணை அடிப்படை அல்லவா. 'மேற்படி தொகுப்பு பெருவாரியான கேட்பாளர்களின் மனநிறைவைப் பெற்றுள்ளது. எனினும் ஒலி மிகுதி குறித்து ஆட்சேபங்கள் வரப்பெற்றமையால், மண்டபத்தில் கேட்கப்பட்ட அதே அளவில் மைதானத்தில் ஒலிபரப்பிக்கொள்ள இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.'

லில்லி அதைப் படித்துவிட்டு மடித்தாள். "போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றாள் கணவனிடம்.

"எவ்ளோ சத்தம்?"

அவள் ஆணையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஆனால் நாகராஜன் மனசாட்சி இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தோணிசாமியின் பெயரை இலவசக் காதொலிக் கருவிக்குப் பரிந்துரை செய்திருந்தார். வட்டாரத் தலைவரான அண்ணனின் பிறந்தநாள் விழாவில், அண்ணன் கையாலேயே வழங்க ஏற்பாடாகியிருந்தது. அண்ணனுக்குப் பெயர் உண்டு. ஆனால் பதாகைகளில் எல்லாம் 'அண்ணன்' என்று மட்டும்தான் இருக்கும். ஊருக்கே தெரிந்தவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது மரியாதையில்லை.

விழா அதே மைதானத்தில். அதே சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே. இன்னாசிமுத்து ஆள் உயரப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார். தையல் இயந்திரம் வாங்குகிறவர்கள், மூன்று சக்கர வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரையும் மேடையில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அந்தோணிசாமிக்குக் கிடைத்த நாற்காலி, இடது கோடியில், பெட்டிகளை ஒட்டி இருந்தது.

ஐந்து மணிக்கு வருவதாக இருந்த அண்ணன் ஆறாகியும் வரவில்லை. அண்ணன் வரும்வரை பெட்டிகள் சும்மா இருக்கக் கூடாது என்பது விழா ஒழுங்கு. அண்ணனைப் புகழ்ந்து எழுதிய பாட்டுகளை இன்னாசிமுத்து திரும்பத் திரும்பப் போட்டார்.

விழாக்குழு ஆள் ஒருவர் வந்து, "இன்னா மாமா, அதே பாட்டு. வேற இல்லியா?" என்றார்.

"ஒண்ணு கீது. கொஞ்சம் சத்தமா இருக்கும்."

"சத்தமா இருந்தாத்தான நம்ம விழான்னு தெரியும். ஏத்து மாமா."

இன்னாசிமுத்து மேடையைப் பார்த்தார். பிறகு குமிழை வலது கோடிவரை திருகினார்.

மோட்டார் உறுமியது. அதன்மேல் கிடார் எழுந்தது, கரும்புக் கொல்லையில் சட்டை போடாமல் ஓடினால் தோகை அறுக்குமே, அப்படி. பிறகு டிரம். மேடைப் பலகை அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அந்தோணிசாமி நாற்காலியோடு சேர்ந்து பெட்டியின் பக்கம் திரும்பினார். இடது காதை அதன் வலைமேல் ஒட்டவைத்தார். இருபது வயதில் அவர் அடித்த அடி ஒவ்வொன்றும், தத்துக் கொடுத்தனுப்பியவர் வீட்டுக்கே திரும்பி வந்த பிள்ளை மாதிரி, வாசல் தெரிந்து உள்ளே வந்தது.

இன்னாசிமுத்து தூரத்திலிருந்து கையை ஆட்டி, போதுமா என்று கேட்டார். அந்தோணிசாமி கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை மேலே உயர்த்தினார். இன்னும்.

கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கொடியின் மடியில் பேரன் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நடேசனின் மனைவி மாடு கறந்துகொண்டிருந்தாள். தலைமையாசிரியர் சாமிநாதன் செய்தித்தாளில் தமிழ் வாழ்க என்ற தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். நாகராஜன் மேடைக்குக் கீழே ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மேலதிகாரியிடம் கைபேசியில், "ஒண்ணும் இல்ல சார், அமைதியாப் போயிக்கினு இருக்கு, வழக்கம்போலத்தான்," என்று கத்திக்கொண்டிருந்தார். டீக்கடை வாசலில் நின்ற பாக்யராஜ் ஹெட்ஃபோனில் எதையோ கேட்கப் பார்த்து, முடியாமல் கழற்றினான்.

"இன்னாடா கேக்குற?" என்றான் கூட்டாளி.

"'மூணாவது ஷிப்டு'. இன்னிக்கு வீடியோ போடணும். இந்த எழவெடுத்த சத்தத்துல ஒண்ணும் கேக்க முடியல. வா, மூலக்குளத்துக்கே போயிடலாம்."

மைதானத்தைச் சுற்றி வீடு உள்ளவர்கள் நாங்கள். பிறந்தநாள் என்றால் ஜன்னலைச் சாத்திவிடுவது வழக்கம். சாத்தினோம்.

நாலாவது பாட்டின் நடுவில் அண்ணன் வந்துவிட்டார். பாட்டு அறுந்தது, வெடி வெடித்தது. அண்ணன் அந்தோணிசாமியின் காதில் கருவியைத் தன் கையாலேயே பொருத்திப் படம் எடுத்துக்கொண்டார். வலது காதில். படம் நன்றாக வந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் லில்லி அதைக் கழற்றி இடது காதில் மாட்டினாள். "கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"எப்பிடி இருந்துச்சு?"

"மூணாவது பாட்டுல ஒரு அடி தவற விட்டிருக்கேன். இத்தன வருஷமா அரிகரன்தான் முந்திட்டான்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்." பிறகு சிரித்தார். "நீ இப்ப கத்தலயே."

"இல்ல. மெதுவாத்தான் பேசறேன்."

"அதுவும் கேக்குது."

ஒரு வாரம் அந்த வீட்டில் சாதாரணக் குரலில் பேச்சு நடந்தது. லில்லி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே அவரோடு பேசுவாள். தெருவில் போகிறவர்களுக்கு அவள் என்ன பேசுகிறாள் என்று முதல்முறையாகத் தெரியாமல் போனது.

பொது நிகழ்ச்சி எது நடந்தாலும், சத்தத்தால் யாருக்காவது தொந்தரவு உண்டா என்று விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் நாகராஜன் வீடு வீடாக வந்தார்.

"போன வாரம் மைதானத்துல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"சத்தமா? இல்லியே," என்றாள் தனக்கொடி.

"இல்லைங்க," என்றார் நடேசன்.

"அப்படியொன்றும் நினைவில்லை," என்றார் சாமிநாதன்.

நாங்களும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். அண்ணனுக்குப் பயந்து சொன்னதாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே ஒன்றும் கேட்ட நினைவில்லை.

கடைசி வீடு அந்தோணிசாமியுடையது. மரியாதைக்குத்தான் நாகராஜன் அங்கே நின்றார். "உங்கள கேக்கணும்னு இல்ல. இருந்தாலும் கேக்கறேன். அன்னிக்குச் சத்தம் எதாவது கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு சார்."

நாகராஜன் சிரித்தார். "வெளையாடாதீங்க. உங்களுக்குத்தான் காது கேக்காதே."

"அன்னிக்கு கேட்டுச்சு. மூணு பாட்டு முழுசா. நாலாவது பாதி."

"சர்டிபிகேட்டு இருக்கே கோப்புல."

"சர்டிபிகேட்டு சரிதான் சார். பொட்டி அவ்ளோ பெருசு."

நாகராஜன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தோணிசாமி, ஊரே கேக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கு. நல்ல காது இருக்கறவங்க யாருக்கும் கேக்காதது உங்களுக்குக் கேட்டுதுன்னா, ஊர்லயே நல்ல காது உங்களுதுன்னு ஆகுது. அப்படி ஆனா இந்த மெஷின் உங்களுக்குக் கிடையாது. திருப்பி வாங்கிக்கணும். எனக்கு இஷ்டமில்ல. 'கேக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிக்கினே இருக்கேன்."

அந்தோணிசாமி லில்லியைப் பார்த்தார். அவள் கையில் கீரை அப்படியே நின்றது. அவர் தன் காதிலிருந்து கருவியைக் கழற்றி, உள்ளே போய் அதன் டப்பாவையும் எடுத்துவந்து, நாகராஜன் பக்கத்தில் படியில் வைத்தார்.

"கேட்டுச்சு சார். மூணாவது பாட்டுல நான் ஒரு அடி விட்டிருக்கேன். கேக்காம எனக்கு அது எப்பிடித் தெரியும்?"

நாகராஜன் லில்லி பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"எடுத்துக்கினு போங்க சார்," என்றாள் லில்லி. அவள் குரல் இன்னும் அந்த வாரத்தின் மெதுவான குரலாகவே இருந்தது. "நான் பழையபடி கத்திக்கறேன். எங்க வூட்டுக்குள்ள கத்தறதுக்கு பர்மிஷன் தேவையில்லன்னு நெனைக்கறேன்."

"பார்ப்போம்," என்றார் நாகராஜன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நாலு அடி நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தோணிசாமியின் காது நல்ல காது என்றால், மண்டபத்தில் அவர் சொன்ன 'கேக்கல'வும் நல்ல 'கேக்கல' ஆகிறது. ஒருத்தர் கேட்கவில்லை என்றாலும் கூட்டத்தை மறுபடி நடத்த வேண்டும். அவர் தெரு நடுவில் வெயிலில் வெகுநேரம் நின்றார்.

விதி விதிதான். வரும் வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் திரும்ப நடக்கிறது. ஆட்டோ காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே மண்டபம், ஓடாமல் கிடந்த நாலாவது மின்விசிறியையும் பழுதுபார்த்துவிட்டார்கள். இந்த முறை பிரிஞ்சியோடு முட்டை உண்டு. அந்தோணிசாமி முன்வரிசையில், அந்தச் சிவப்பு விளக்குக்கு நேரே உட்காருவார். லில்லி பக்கத்தில் இருப்பாள். பேசமாட்டாள், அது அமைதிப் பகுதி.

நாங்கள் எல்லாரும் போகிறோம். எங்கள் கருத்துகள் தயாராக இருக்கின்றன. போன முறை கொஞ்சம் சத்தமாக இருந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம்.